நிதித் திட்ட வல்லுநராவது எப்படி?

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆற்றப்பட்ட உரை)

 

பணத்தைத் திட்டமிடுதல் செல்வர்களுக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். செல்வம் மிகுந்தவன் ஒரு பகுதியை இழந்தாலும் மீண்டுவிடுவான். பால்மரம் சீவிச் சிறுகச் சிறுகச் சேர்த்ததை இழந்தவனுக்கு அதனை மீண்டும் ஈட்ட வயதும் இல்லை, வலிமையும் இல்லை. ஆகவே திட்டம் நமக்கே மிகுதியாகத் தேவை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு பெற்ற தொழிலாளர்கள், தோட்டங்களுக்குப் பங்குதாரர் ஆயினர். மாதந்தோறும் பலர் பணம் போட, முறைவைத்து ஒருவர் எடுக்கும் ‘கூட்டு’ முறையும் நம்மிடையே வழங்கிற்று. அதனைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்து 1971ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. ‘கூட்டு’ என்னும் நம் சொல்லே அச்சட்டத்தின் பெயரில் இடம்பெற்றுள்ளது. பிறர் பணத்தைக் கையாள்வோருக்கு நல்ல பெயர் மட்டும் போதாது, சட்டத்திற்குக் கட்டுப்பட்ட பொறுப்பும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஊழியர் சேமநிதியில், இன்று தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 11 வெள்ளி செலுத்துகிறார். 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி 13 வெள்ளி சேர்க்கிறார். 55 வயதில் அத்தொகை முழுவதையும் எடுக்கலாம். தோட்ட வீட்டை விட்டு வெளியேற வேண்டிய காலமும் பலருக்கு அதே வேளையில்தான் வருகிறது. ‘மாதம் இவ்வளவு இலாபம் உறுதி’ என்று கூறுவோர் வாசலுக்கு வருவதும் அப்பொழுதே. அந்த நாளில் நேர்மையாக வழிகாட்டுபவரே நிதித் திட்ட வல்லுநர். அவர் குடும்பத்தின் வருமானம், கடன், காப்புறுதி, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றைக் கேட்டறிந்து, ஆராய்ந்து, திட்டம் வகுத்து, நடைமுறைப்படுத்த உதவி, காலந்தோறும் சீர்தூக்கிப் பார்க்கிறார்.

இத்தொழிலுக்கு நம் பிள்ளைகள் எவ்வாறு தகுதி பெறலாம்?

முதலாவது, கல்வி. எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சி வேண்டும். பின்னர் எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா அல்லது பட்டப்படிப்பைத் தொடர வேண்டும். அதன்பின் தொழில்முறைப் பட்டயம். 1999இல் தோன்றிய மலேசிய நிதித் திட்டச் சங்கம் சி.எப்.பி. தகுதியையும், 2004இல் தோன்றிய மலேசிய நிதித் திட்ட மன்றம் ஆர்.எப்.பி. தகுதியையும் வழங்குகின்றன. காப்புறுதி, வரி, முதலீடு, ஓய்வுகாலம், சொத்துரிமை ஆகியவை பாடங்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் பயிலலாம்.

இரண்டாவது, தேர்வு. மூன்றாவது, பட்டறிவு. சி.எப்.பி. பெற, பொதுவாக மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். நான்காவது, ஒழுக்கம். வாடிக்கையாளரின் நலனைத் தம் நலனுக்கு மேலாகக் கருதுவதாக உறுதி அளித்து, ஆண்டுதோறும் தொடர்கல்வியும் பெற வேண்டும்.

இவை நிறைந்தபின்னும், பட்டயத்தை மட்டும் காட்டித் தொழில் நடத்த இயலாது. பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, தமக்கும் பிரதிநிதி உரிமம் பெற வேண்டும். 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. காப்புறுதி பற்றி நிதி ஆலோசனை கூறும் தொழிலுக்கு பேங்க் நெகாராவின் அங்கீகாரமும் வேண்டும்.

பெற்றோர்களே, இந்த ஏணியில் ஏற உங்கள் பிள்ளைக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இந்த ஏணியே உங்களுக்கு ஓர் அளவுகோலாகட்டும். பணம் கேட்டு வருபவரிடம், “உமது உரிமம் எங்கே?” என்று கேளுங்கள். ஆணையம் வெளியிடும் உரிமம் பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் உள்ளதா என்று, படித்த பிள்ளையைக் கொண்டு பாருங்கள். கடன் தொல்லையில் சிக்கியவர்கள், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் இலவசமாகவே ஆலோசனை பெறலாம்.

இளைஞர்களே, தோட்டத்துக் குடும்பத்தின் வரவு செலவை அறிந்தவர்கள் நீங்கள். விடியற்காலையில் மரத்தடியில் தொடங்கும் உழைப்பின் மதிப்பை உணர்ந்தவர்கள் நீங்கள். அந்த உழைப்பின் பயனைக் காக்கும் தகுதியையும் நீங்களே பெறுங்கள். தமிழில் விளக்கிச் சொல்லும் நேர்மையான வல்லுநர்கள் நம்மிடையே பெருகினால், ஓய்வு பெறும் எந்தத் தொழிலாளியும் தம் சேமநிதிப் பணத்தை வாய்ச்சொல்லுக்குப் பறிகொடுக்க மாட்டார்.