இணையக் கடையின் சாவி யார் யாரிடம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



குழுவில் பிரதிநிதி மாறினால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுகிறோம். தீர்மான நகலை வங்கியில் கொடுத்து, பழையவர் கையெழுத்தை நீக்கிப் புதியவர் கையெழுத்தைச் சேர்க்கிறோம். பழைய பிரதிநிதி மேல் நமக்குக் கோபமா? இல்லைங்க. பொறுப்பு மாறிடுச்சு, அவ்வளவுதான்.

மசாலாப் பொடி, ஊறுகாய், பனையோலைக் கூடை என்று நம்ம பொருட்களை இப்போது இணையத்திலும் விற்கிறோம். அந்தக் கடைக்குள்ளே போக யார் யாருக்கு அனுமதி இருக்கு? வங்கிக் கையெழுத்துக்குக் காட்டுகிற கவனத்தை இதுக்கும் காட்ட வேண்டும்.

நம்ம கடை வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் என்ற இரண்டு மென்பொருளில் நடக்கிறது. வேர்ட்பிரஸ் 2003-லும், வூகாமர்ஸ் 2011-லும் வந்தவை. சின்னச் சின்னக் கடைகள் நிறைய இவற்றில்தான் நடக்கின்றன.

இதில் உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மூன்றை மட்டும் தெரிஞ்சுக்குவோம்.

'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றால் முழு அதிகாரம். ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், கடையின் அமைப்பையே மாற்றலாம்.

'ஷாப் மேனேஜர்' என்றால் பொருள் ஏற்றலாம், விலை மாற்றலாம், ஆர்டர் பார்க்கலாம். இது சின்னப் பொறுப்புன்னு நினைச்சுடாதீங்க. பணம் செலுத்தும் அமைப்பையும் இவர் திறக்கலாம். வாடிக்கையாளர் பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற இந்தப் பொறுப்பே போதும். வாடிக்கையாளரின் விலாசம், போன் நம்பர் எல்லாம் இவர் கண்ணில் படும்.

'கஸ்டமர்' என்றால் வாங்குபவர். தன் ஆர்டரைத் தவிர வேறெதையும் அவர் பார்க்க முடியாது.

பட்டியலைப் பார்ப்பது கஷ்டமில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவர் உள்ளே நுழைந்ததும், இடப்பக்கம் 'யூசர்ஸ்' என்று இருக்கும். அதில் 'ஆல் யூசர்ஸ்' என்பதைத் தொட்டால் எல்லோர் பெயரும் வரும். பட்டியலுக்கு மேலே பொறுப்புகளின் பெயரும், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தொட்டால் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். ஷாப் மேனேஜருக்கும் அப்படியே. வாடிக்கையாளர் நூறு பேர் இருந்தாலும் நாம் சரிபார்க்க வேண்டியது இந்த இரண்டு பட்டியலைத்தான். ஆங்கிலம் தெரியலையேன்னு தயங்க வேண்டாம். இந்த நாலு வார்த்தை போதும்.

ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி கேட்போம். இவர் யார்? இப்போதும் அந்த வேலையைப் பார்க்கிறாரா? அந்த வேலைக்கு இவ்வளவு அதிகாரம் வேணுமா?

கடையை அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஆள் வேலை முடிந்து போயிருப்பார், பெயர் இருக்கும். கல்யாணமாகி வெளியூர் போன சகோதரியின் பெயரும் இருக்கும். அவர்கள் தப்பு செய்வார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் பாஸ்வேர்டு வேறொருவர் கையில் சிக்கினாலும் நஷ்டம் நமக்குத்தானே?

நீக்கும்போது ஒரு கவனம் வேண்டும். 'டெலிட்' கொடுத்தால், அவர் ஏற்றியவற்றை அழித்துவிடவா, இன்னொருவர் பெயருக்கு மாற்றவா என்று கேட்கும். மாற்றச் சொல்ல வேண்டும். அழிக்கச் சொன்னால் அவர் ஏற்றிய படங்களும் பக்கங்களும் சேர்ந்து போய்விடும். சந்தேகமாக இருந்தால் நீக்க வேண்டாம். 'கஸ்டமர்' பொறுப்புக்கு இறக்கிவிட்டாலே போதும், அதிகாரம் போய்விடும்.

இன்னொரு விஷயம். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் வைத்துக்கொண்டால் இந்தப் பட்டியலால் பிரயோஜனமே இல்லை. ஊறுகாய் விலை மாறியிருக்கும், யார் மாற்றினார் என்று தெரியாது. வீண் பழி யாராவது ஒரு சகோதரி தலையில் விழும். ஆளுக்கு ஒரு பெயர் இருந்தால் நேர்மையாக உழைப்பவருக்குத்தான் பாதுகாப்பு.

முழு அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருப்பதும் சரியில்லை. அவருக்கு உடம்பு சரியில்லைன்னா கடையே நின்றுவிடும். நிர்வாகிகளில் இரண்டு பேருக்குப் போதும்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு பட்டியலையும் கூட்டத்தில் சத்தமாக வாசிப்போம். பெயர், பொறுப்பு, தேதி மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நிர்வாகி மாறினால், வங்கிக்குப் போகிற அதே வாரத்தில் இங்கேயும் மாற்றுவோம். முதல் வாசிப்பை அடுத்த கூட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.