அஞ்சாவது ஏன்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தர மேலாண்மை முதலாளிங்க சமாச்சாரம், அதுக்கு இந்த மேடையில என்ன வேலைன்னு சிலர் கேட்கலாம். எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்று முடிவு செய்கிற இடம் அதிகாரத்தின் இடம். அந்த இடத்துக்குள் நம்ம பிள்ளைகள் இப்பதான் காலடி வைக்கிறாங்க. அதனால பேசித்தான் ஆகணும்.

நான் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் தர ஆய்வாளன். வேலையில் இருந்துகொண்டே தர மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படித்தேன். அதில் கடைசிப் பருவம் முழுக்கத் திட்டப்பணிதான். வேலை செய்யும் இடத்திலேயே ஒரு குறையை எடுத்து, அளந்து, மூல காரணம் கண்டு, சரிசெய்து காட்டணும். கம்பெனியில் ஒரு வழிகாட்டி, கல்லூரியில் ஒரு வழிகாட்டி. ரெண்டு கையெழுத்தும் விழுந்தாத்தான் பட்டம்.

நான் எடுத்துக்கொண்டது குரோமியம் ஆறு. நாம் பதனிடப் போடுவது குரோமியம் மூணு. பக்குவம் தப்பினால் அதில் கொஞ்சம் ஆறாக மாறிவிடும். அது உடம்பில் பட்டால் ஒவ்வாமை வரும். அதனால் உடம்பில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை அது எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது. 2015 மே 1 முதல் அது நடைமுறை. அளவு மீறினால் சரக்கு திரும்பி வரும்.

டொயோட்டா கம்பெனிக்காரங்க பழக்கிவிட்ட ஒரு முறை உண்டு. ஒரு குறையைப் பார்த்து அஞ்சு தடவை 'ஏன்' கேட்கணும். நானும் கேட்டேன்.

குரோமியம் ஆறு ஏன் ஏறுது? அமிலத்தை முறிக்கும் கட்டத்தில் காரம் திடீர்னு கூடுது. ஏன்? மூணு நாலு தவணையாகப் போட வேண்டிய சோடா உப்பை ஒரே தடவையில் டிரம்மில் கொட்டுறாங்க. ஏன்? ஒரே ஆள் மூணு டிரம் பார்க்கிறார், லோடு கணக்கில் கூலி, நின்னு நிதானமாப் போட்டா அன்னைக்குக் கூலி போச்சு. ஏன்? ஈரப் பகுதி முழுக்க ஒப்பந்த ஆள்தான், நிரந்தரம் கிடையாது.

இதுவரை ரெண்டு வழிகாட்டிகளும் தலையாட்டினாங்க. அஞ்சாவதா ஒண்ணு எழுதினேன். அந்த ஈரப் பகுதியில் நிற்பவர்கள் எல்லாரும் ஏன் சேரி ஆட்களாகவே இருக்காங்க? ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் ஏன் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை? வாங்குபவர் தோலுக்கு மில்லிகிராம் கணக்கு வச்சிருக்கோம். சுண்ணாம்பும் குரோமும் தின்ற இந்தக் கைகளுக்கு எந்தப் பதிவேட்டில் கணக்கு இருக்கு?

"இது உன் தலைப்புக்குள் வராது" என்றார் கம்பெனி வழிகாட்டி. "இது சமூகவியல், வேற துறை" என்றார் கல்லூரி வழிகாட்டி. அந்த நாலு பக்கத்தை எடுத்தால்தான் கையெழுத்து என்றார்கள். மூல காரணம் வரைக்கும் போகச் சொன்னது உங்க பாடப்புத்தகம்தானே என்று நான் கேட்டேன். பக்கங்களை எடுக்கவில்லை. ஒரு பருவம் தள்ளிப்போனது. கடைசியில் அவை பின்னிணைப்பாகப் போய் கையெழுத்து விழுந்தது. ஆளுக்கு மூணு டிரம் என்பது ரெண்டு டிரம் ஆச்சு, குரோமியம் ஆறும் இறங்குச்சு. லோடு கூலி மட்டும் அப்படியே இருக்கு.

பக்கத்தை எடு என்பது புதுசில்லை. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் 1936 மாநாட்டின் தலைமையுரைக்கு அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்றுபோனது. உரையைத் தன் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அதில் விளக்கினார். எங்க கம்பெனியின் ஈரப் பகுதியை அதைவிடத் தெளிவாக எந்தத் தர நூலும் எனக்கு விளக்கியதில்லை.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அங்கிருந்து வெளிநாடு போகும் தோலுக்குச் சான்றிதழ் உண்டு. அந்தச் சுவரை யார் அளந்தார்கள்?

மாணவத் தோழர்களே, நாளைக்கு நீங்களும் திட்டப்பணி செய்வீங்க. தொழிலாளியின் கூலியை, வேலைப் பளுவை, கையுறையைத் தனி அத்தியாயத்தில் புலம்பலாக வைக்காதீங்க. சரக்குக் குறையின் கணக்கோடு சேர்த்துக் கட்டுங்க. அப்பதான் அதை வெட்டினா அவங்க கணக்கே சாயும். தேதி போட்டு ஒவ்வொரு வரைவுக்கும் நகல் வச்சுக்குங்க. இயக்கத் தோழர்களே, அந்த அறிக்கைகளை வாங்கிப் படியுங்க. கூலிப் பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

நாலு ஏன் வரைக்கும் கேட்க அவங்களே சம்பளம் கொடுப்பாங்க. அஞ்சாவதை நாமதான் கேட்கணும்.

ஜெய் பீம்!