மீண்டும் நாடிச் செல்வோம்



ஆங்கிலம் படிக்காதவர்கள்கூட அன்றாடம் பயன்படுத்தும் ஓர் ஆங்கிலச் சொல் ‘ரிப்பீட்’. வகுப்பில் ஆசிரியர் ‘ரிப்பீட்’ என்றால், பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னதையே சொல்கிறார்கள். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர், “இதையே ரிப்பீட் பண்ணுங்க” என்கிறார். சிலர் ‘ரிப்பீட் அகெய்ன்’ என்பார்கள். ‘அகெய்ன்’ அங்கே தேவையில்லை. ‘ரி’ என்ற முன்னொட்டிலேயே ‘மீண்டும்’ என்ற பொருள் அடங்கியிருக்கிறது.

மீதியுள்ள ‘பீட்’ எங்கிருந்து வந்தது? இலத்தீன் மொழியில் ‘பெத்தெரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. நாடிச் செல்வது, தேடுவது, கேட்பது என்று அதற்குப் பொருள். கலெக்டர் அலுவலகத்தில் நாம் கொடுக்கிறோமே, ‘பெட்டிஷன்’, அதுவும் இதே வேரில் பிறந்த சொல்தான். ஆக, ரிப்பீட் என்ற சொல்லின் வேரில் இருப்பது வெறும் ஒப்பிப்பு அல்ல. மீண்டும் நாடிச் செல்வது, மீண்டும் கேட்பது.

இதை ஏன் சொல்கிறேன்? ஒருமுறை ஒரு தாய் என்னிடம் வந்தார். “சாமி, பதினோரு வருசமா மகன் குடிய விடணும்னு ஒரே செபத்தத்தான் சொல்லிட்டிருக்கேன். சொன்னதையே சொல்லக்கூடாதுன்னு இயேசுவே சொல்லியிருக்காராமே? கடவுளுக்குச் சலிச்சுப் போயிருக்குமோ?” என்று கேட்டார்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டிப்பது, வார்த்தைகளை அடுக்கினால் கடவுள் கேட்டுவிடுவார் என்ற எண்ணத்தை. கேட்டதையே மீண்டும் கேட்கும் மனத்தை அல்ல. அதே நற்செய்தியின் 26ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கெத்சமனியில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செபித்தார். துன்பக் கிண்ணம் அகலவில்லை. ஆனால் கலங்கியவராய் முகங்குப்புற விழுந்தவர், எழுந்து நடந்தார். எரிகோவில் பர்த்திமேயுவைச் சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். அவரோ அதையே இன்னும் உரக்கக் கூவினார். இயேசு நின்றார். லூக்கா 18இல் வரும் கைம்பெண் ஒரே வழக்குக்காக நடந்து நடந்து, நேர்மையற்ற நடுவரையே அசைத்துவிட்டார். நம் தந்தையோ அந்த நடுவரைப் போன்றவர் அல்லர்.

அந்தத் தாயிடம் நான் சொன்னேன்: “அம்மா, நீங்கள் சொன்னதையே சொல்லவில்லை. பதினோரு வருடமாக ஒவ்வொரு நாளும் கடவுளிடம் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.” அவருடைய மகன் இன்னும் குடியை விடவில்லை. அந்தத் தாயும் செபிப்பதை விடவில்லை. அவனுக்குச் சோறு போடுவதையும் விடவில்லை. அந்தப் பலம் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

அன்பர்களே, இன்றிரவு வீட்டில் 53 மணி செபமாலை சொல்லும்போது உதடு மட்டும் ஓடினால், அது ஒப்பிப்பு. ஒவ்வொரு மணியிலும் உள்ளம் ஓர் அடி எடுத்து வைத்தால், அது தேடல். வார்த்தை பழையதாக இருக்கட்டும். நாடிச் செல்லும் மனம் புதிதாக இருக்கட்டும். கேட்டுச் சலித்து நிறுத்திவிட்ட விண்ணப்பம் ஏதேனும் உங்களிடம் இருந்தால், இன்று அதை மீண்டும் எடுங்கள்.

ஆண்டவரே, சோர்ந்துபோன எங்கள் உள்ளங்களை மீண்டும் உம்மிடம் அழைத்து வாரும். ஆமென்.