வெடித்த மலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

(நமது குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் போர்ட்லண்ட், சியாட்டில் பக்கம் மட்டும் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் இருப்பதாகச் செயலாளர் கணக்குச் சொன்னார். மே மாதம் பிறந்தால் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். அங்கே போனால் பிள்ளைகள் அருவியைக் காட்டுவார்கள், கடற்கரையைக் காட்டுவார்கள், விற்பனை வரி இல்லாத கடைகளைக் காட்டுவார்கள். செயின்ட் ஹெலன்ஸ் மலைக்கு மட்டும் நீங்களாக வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. கேளுங்கள் என்று சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

அந்த மலை வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. வெள்ளை மாளிகை இருக்கும் வாஷிங்டன் அல்ல, மேற்குக் கரையோரம் இருக்கும் வாஷிங்டன். போர்ட்லண்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் சொச்சம், சியாட்டிலிலிருந்து மூன்று மணி நேரம். 2019 ஜூலையில் மகள் வீட்டில் இருந்தபோது, வாரக் கடைசிகளில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தோம்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் போனால் வெறும் சாம்பல் மேடாகத்தான் தெரியும்.

123 ஆண்டுகள் சும்மா இருந்த எரிமலை அது. 1980 மார்ச்சில் நிலநடுக்கம் தொடங்கியது. அதே மாதம் 27-ஆம் தேதி உச்சியிலிருந்து நீராவியும் சாம்பலும் கிளம்பின. பிறகு வடக்குப் பக்கச் சரிவு வீங்க ஆரம்பித்தது. உள்ளே ஏறி வந்த பாறைக் குழம்பு மலையின் விலாவை ஒரு நாளைக்கு ஐந்தடி, ஆறடி என்று வெளியே தள்ளியது. மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32-க்கு ஒரு நிலநடுக்கம் வந்தது. வீங்கியிருந்த பக்கம் அப்படியே சரிந்தது. மனிதர்கள் பதிவு செய்ததில் உலகத்திலேயே மிகப் பெரிய நிலச்சரிவு அதுதான். மூடி கழன்ற பிரஷர் குக்கரைப் போல உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் பீறிட்டது. மேல்நோக்கி வெடிக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வந்த அந்தச் சூடான காற்றும் கல்லும் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்துவிட்டன. 2,950 மீட்டர் இருந்த மலை 2,549 மீட்டர் ஆனது. 57 பேர் இறந்தார்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். இதை அங்கே படித்தபோது எனக்கு மனம் கனத்தது. எச்சரிக்கையை மீறிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. எல்லைக் கோடு ஒரு பக்கத்தில் மரக் கம்பெனியின் நில எல்லையை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. மலைக்கு அந்தக் கோடு தெரியாது. அதிலும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பிழைத்தவர்கள் அதிகம். வார நாளாக இருந்திருந்தால் அந்தக் காட்டில் நூற்றுக்கணக்கான மரம் வெட்டும் தொழிலாளர்கள் இருந்திருப்பார்கள். முந்தின நாள் சனிக்கிழமை, வீட்டுச் சாமான்களை எடுத்துவர உரிமையாளர்களைப் போலீஸ் துணையோடு உள்ளே அனுப்பினார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு இன்னொரு கூட்டம் போவதாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் தப்பினார்கள்.

இனி போகும் வழி. மேற்கிலிருந்து போகும் 504-ஆம் நெடுஞ்சாலையில் சாலை ஏற ஏற இருபுறமும் அடர்ந்த பச்சைக் காடு. பார்த்தால் இங்கேயா எரிமலை வெடித்தது என்று தோன்றும். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே வயது. வேயர்ஹௌசர் என்ற மரக் கம்பெனி, விழுந்து கிடந்த மரங்களை எடுத்து விற்றுவிட்டு, தன் நிலத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் கன்றுகளைக் கையால் நட்டது. நட்ட ஆண்டைப் பலகையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அதைத் தாண்டினால் காட்சி சட்டென்று மாறும். அமெரிக்க நாடாளுமன்றம் 1982-இல் மலையைச் சுற்றி 1 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கரைத் தனியாக ஒதுக்கி, இங்கே யாரும் எதையும் நடவேண்டாம், சுத்தம் செய்யவேண்டாம், இயற்கை தானாக என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்று விட்டுவிட்டது. ஒரே வெடிப்பு, ஒரே சாம்பல். ஒரு பக்கம் நட்டு வளர்த்த காடு, மறுபக்கம் விட்டுவைத்த நிலம். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். நட்டது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர்கள் தொழில், முதலுக்கு வட்டி எதிர்பார்க்கிறார்கள். ஆனால் நடக்கவேண்டியது மறுபக்கத்தில்தான்.

அந்தப் பக்கம் நம் வயதுக்குத் தோதான பாதை ஹம்மக்ஸ் பாதை. சுற்றி வந்தால் நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய ஏற்றம் இல்லை. ஹம்மக் என்றால் மேடு. பாதையின் இருபுறமும் வீடு உயரத்துக்கும், அதைவிடப் பெரியதாகவும் மேடுகள் நிற்கும். சாதாரணக் குன்று என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் அன்று காலை சரிந்த மலையின் துண்டு. மலை உச்சியில் இருந்த பாறை பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உருண்டு வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அது பிய்ந்து வந்த இடம், குதிரை லாடம் போல வடக்கே வாய் திறந்த பள்ளம், எதிரே தெரிகிறது.

மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குளங்கள் உண்டாகிவிட்டன. எல்லாம் 1980-க்குப் பிறகு பிறந்த குளங்கள். தவளைச் சத்தம் கேட்டது. கரையில் வில்லோ, ஆல்டர் மரங்கள். ஈர மண்ணில் எல்க் மானின் குளம்படி பெரிய மாட்டுக் குளம்பு அளவுக்குப் பதிந்திருந்தது. வெடிப்பில் மான், எல்க், கரடி என்று ஏழாயிரத்துக்கு அருகில் பெரிய விலங்குகள் செத்த இடம் அது. பக்கத்திலேயே கோல்ட்வாட்டர் ஏரி. அதுவும் நிலச்சரிவு ஓடையை அடைத்ததால் உண்டானதுதான். அங்கே தண்ணீர் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் நடந்தாலே போதும்.

எல்லாம் செத்த இடத்தில் இதெல்லாம் எப்படி வந்தது? எல்லாம் சாகவில்லை என்பதுதான் பதில். மே மாதமாக இருந்தாலும் மேட்டுப் பகுதிகளில் பனி கரையவில்லை. பனிக்கு அடியில் மடங்கிக் கிடந்த சிறு செடிகளும் கன்றுகளும் தப்பின. உறைந்த ஏரிகளுக்கு அடியில் மீனும் தவளையும் தப்பின. மண்ணுக்குள் வளையில் இருந்த கோஃபர்கள் தப்பின. கோஃபர் என்பது கன்னத்தில் பை உள்ள, எலி மாதிரியான பிராணி. நம் வரப்பு எலியைப் போலவே மண்ணைக் குடைந்துகொண்டே இருக்கும், விவசாயிக்கு எதிரி. அங்கே அது செய்த வேலை வேறு. மேலே கிடந்தது சத்தில்லாத நுரைக்கல் படுகை. குதிகால் தேய்க்கக் கடையில் வாங்குகிறோமே, அதே கல், ஏக்கர் ஏக்கராக. கோஃபர் குடையும்போது அடியில் புதைந்த பழைய மண் மேலே வந்தது. அந்த மண்ணில் செடி வேருக்குத் துணையான பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் இருந்தன.

1983-இல் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். சில கோஃபர்களைக் கொண்டுவந்து, நுரைக்கல் நிலத்தில் அடைப்புப் போட்டு ஒரே ஒரு நாள் குடையவிட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து அந்தத் துண்டு நிலங்களில் 40,000 செடிகள் இருந்தன. சுற்றியிருந்த நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த ஒரு நாள் வேலையின் அடையாளம் மண்ணின் நுண்ணுயிர்களில் தெரிகிறது என்று 2024-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. வெடிப்புக்கு முன் முதிர்ந்த காடாக இருந்த இடத்தில் மரங்கள் சீக்கிரம் திரும்பின. வெடிப்புக்கு முன்பே மொட்டையாக வெட்டப்பட்டிருந்த இடத்தில் அந்த வேகம் இல்லை.

நுரைக்கல் சமவெளியில் முதலில் வேர்விட்ட செடி லூப்பின் என்கிற ஊதாப் பூச்செடி. வெடித்து ஓரிரண்டு ஆண்டுகளிலேயே அது வந்துவிட்டது. நம் அவரை, கொழிஞ்சி குடும்பம். வேர் முடிச்சில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டாம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது எதற்கோ அதற்குத்தான். நாங்கள் போனபோது சில இடங்களில் இன்னும் பூ இருந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

நுரைக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழங்கை அளவுக் கல் பஞ்சு மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், வெளியே எடுத்துவரத் தடை. குறித்த பாதையை விட்டு இறங்கவும் கூடாது.

இரண்டாவது பக்கம், கிழக்கே விண்டி ரிட்ஜ். மலைச்சாலை வளைவு அதிகம். பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். அங்கிருந்து ஸ்பிரிட் ஏரி தெரியும். ஏரியின் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று ஏதோ மிதக்கும். முதலில் நுரை என்று நினைத்தேன். அத்தனையும் மரங்கள். 1980-இல் பெயர்ந்து விழுந்த மரங்கள் இன்னும் மிதக்கின்றன. காற்றடிக்கும் பக்கமெல்லாம் அந்தக் கூட்டம் நகரும். காலையில் ஒரு கரை, மாலையில் வேறு கரை. அந்த ஏரிக்கரையில் விடுதி நடத்திய ஹாரி ட்ரூமன் என்ற 83 வயதுக்காரர், எவ்வளவு சொல்லியும் வெளியேற மறுத்தார். பதினாறு பூனைகளோடு அங்கேயே இருந்துவிட்டார். விடுதி இருந்த இடத்துக்கு மேல் இன்று மண்ணும் தண்ணீரும்தான். அவரை வீரர் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனசு வராத ஒரு கிழவர், நம்மில் பலரைப் போல.

அந்த ஏரியில்தான் இப்போதைய சிக்கல் இருக்கிறது. நிலச்சரிவு ஏரியின் வடிகாலை அடைத்துவிட்டது. தண்ணீர் ஏறி மண் அணையை உடைத்தால் டூட்டில் ஆற்றங்கரையோர ஊர்கள் அடித்துச் செல்லப்படும். அதனால் 1985-இல் மலையைக் குடைந்து 2.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டுத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். பாறை நகர்வதால் சுரங்கம் அடிக்கடி பழுதாகிறது. அதன் வாய்க் கதவை மாற்றவும் வேண்டும். இயந்திரங்களைக் கொண்டுபோக நுரைக்கல் சமவெளியின் குறுக்கே சாலை போடலாம் என்றது வனத்துறை. யாரும் கால்வைக்காமல் நாற்பது ஆண்டாக அளந்துவந்த நிலத்தின் நடுவே சாலையா என்று விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள்.

கீழே இருக்கிற ஊர்களின் உயிர்தான் முதலில் என்பேன் நான். ஆனால் விஞ்ஞானிகளின் வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிகிறது. வங்கியில் பேரேட்டின் நடுப்பக்கம் கிழிந்தால் பழைய வவுச்சரை வைத்து மறுபடி எழுதிவிடலாம். இங்கே வவுச்சர் கிடையாது. இன்னொரு மலை வெடித்தால்தான் உண்டு.

மூன்றாவது, தெற்குப் பக்கம். அங்கே வெடிப்பின் சேதம் குறைவு. சுமார் 2,000 ஆண்டுக்கு முன் எரிகுழம்பு ஓடி உண்டான ஏப் கேவ் என்ற நீண்ட குகை இருக்கிறது. கோடையிலும் உள்ளே ஐந்தாறு டிகிரிதான். ஸ்வெட்டரும் டார்ச்சும் வேண்டும். கீழ்ப்பகுதி மட்டும் நமக்குச் சரி. மேல்பகுதி பாறை மேல் தவழவேண்டியது. மலை உச்சி ஏறுவதும் இந்தப் பக்கமிருந்துதான். அது பேரப்பிள்ளைகளுக்கு, சீசனில் ஒரு நாளைக்கு 110 பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு.

போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, ஜான்ஸ்டன் ரிட்ஜ் ஆய்வு மையம். வெடித்த அன்று மலையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி நின்று வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லி, சொன்ன கையோடு மறைந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற 30 வயது விஞ்ஞானியின் பெயர் அதற்கு. அங்கே ஒரு சிறு படம் போடுவார்கள். படம் முடிந்ததும் திரை மேலே போகும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை நிற்கும். நாங்கள் பார்த்தோம். ஆனால் 2023 மே மாதம் மண் சரிந்து, போகும் வழியில் ஒரு பாலம் போய்விட்டது. அதன்பின் சாலை கோல்ட்வாட்டர் ஏரியோடு நிறுத்தப்பட்டிருக்கிறது. எனவே கிளம்புமுன் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று வனத்துறை இணையதளத்தில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹம்மக்ஸ் பாதை அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் என்பதால் கவலை இல்லை.

மேலே போனால் செல்போன் சிக்னல் கிடைக்காது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் இரண்டு பங்காக எடுங்கள், நிழலே இல்லாத இடம் என்பதால் தொப்பி அவசியம். அங்கே வாங்கிய மடிப்பு வரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதைகளின் நீளம், ஏற்றம் எல்லாம் அதில் குறித்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வாங்கிப் போகலாம். ஊருக்குத் திரும்பியதும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.