சித்திரையில் ஒருதரம், கார்த்திகையில் ஒருதரம்



சித்திரை வருடப்பிறப்பன்று மத்தியானம், பன்னிரண்டு பத்தளவில், கிளிநொச்சியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கம்பத்துக்கு நிழலே இராது. உங்கள் நிழலும் செருப்புக்குள் ஒடுங்கிவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரைப் பாகையளவில் இருக்கிற ஊர் எங்களுடையது. ஏப்ரல் நடுவில் ஒருதரமும் ஓகஸ்ட் கடைசியில் ஒருதரமும் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து போகிறது. அந்த நேரத்தில் சுவருக்கு வெயில் கிடையாது. வருகிற அவ்வளவையும் கூரைதான் வாங்குகிறது.

நான் இன்று பேச வந்தது கட்டடச் சோதனை என்கிற கலையைப் பற்றி. ஏற்கெனவே கட்டி, ஆட்கள் குடியிருக்கிற ஒரு கட்டடத்தை எடுத்து, அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, உள்ளே இருப்பவரை எவ்வளவு வாட்டுகிறது என்று பார்த்து, இடிக்காமலே அதைத் திருத்துகிற வேலை. உலகில் கட்டடங்களுக்கென்று மதிப்பீட்டு முறைகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் 1990-இல் பிரீம் என்ற முறை வந்தது. பிறகு அமெரிக்காவில் லீட். எங்கள் நாட்டுப் பசுமைக் கட்டடப் பேரவையும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. தலைப்புத் தலைப்பாகப் புள்ளி போட்டு, கூட்டித் தரம் கொடுப்பார்கள்; லீட்டில் அது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று போகும்.

இதில் உருப்படியான காரியம் நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சீதுவையில் பிரன்டிக்ஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை ஒன்று, முப்பது வருடப் பழைய கட்டடம். அதை இடித்துத் தள்ளாமல் திருத்தி எடுத்து, 2008-இல் லீட்டின் பிளாட்டினம் தரம் வாங்கினார்கள். மின்சாரச் செலவு பாதிக்குக் கிட்டக் குறைந்தது. பழைய கட்டடத்தைத் திருத்துவதில் ஒரு பெரிய நியாயமும் இருக்கிறது. ஒரு தொன் சீமெந்து செய்ய அறுநூறிலிருந்து தொள்ளாயிரம் கிலோ வரை கரியமிலவாயு வெளியேறுகிறது. நிற்கிற சுவரில் அந்தக் கடன் ஏற்கெனவே செலவழிந்து கிடக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் அதே கடனை இரண்டாம் தரமும் எடுக்கிறோம். மணலும் சும்மா வருவதில்லை. எந்த ஆற்றை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டி வருகிறது என்பது வன்னியில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் அந்தப் புள்ளிப் பட்டியலை வன்னிக்குக் கொண்டுவந்தால் சிரிப்பு வரும். லீட் முறையில் சைக்கிள் நிறுத்த வசதி செய்தால் புள்ளி உண்டு. அந்தக் கணக்கில் எங்கள் ஊர் மாட்டுக்கொட்டிலும் பசுமைக் கட்டடம்தான்.

எங்களிடம் சோதிக்க என்ன கட்டடம் இருக்கிறது? 2009-க்குப் பிறகு மீளக்குடியேறியபோது எழுந்த வீடுகள். அவற்றில் பெரிய பங்கு இந்திய வீட்டுத் திட்டம். நாடு முழுவதற்கும் ஐம்பதாயிரம், அதில் நாற்பத்தாறாயிரம் வடக்கு, கிழக்குக்கு. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, உடைந்த வீட்டைத் திருத்த இரண்டரை லட்சம். ஐந்நூற்றைம்பது சதுர அடி. காசு கட்டம் கட்டமாக வரும், வீட்டுக்காரரே மேசனைப் பிடித்துக் கட்டவேண்டும். அந்த வீடுகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அந்தத் திருத்தக் காசை நினைத்துப் பாருங்கள். பாதி நின்ற சுவரைச் சேர்த்துப் பிடித்து, பழைய நிலையையும் கதவையும் தேடி எடுத்து மாட்டினார்கள். பசுமை என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. உலகம் இப்போது புத்தகம் போட்டுச் சொல்கிற வேலையை வேறு வழியில்லாமல் செய்து முடித்தார்கள்.

கண்டாவளைப் பக்கம் என் பெரியம்மாவின் வீடும் அப்படி ஒரு திட்ட வீடுதான். மூல வீட்டுக்கு ஓடு. பிறகு மகளின் கலியாணத்துக்கு முன் பின்பக்கம் ஒரு அறை இழுத்தார்கள். அதற்கு ஓடு போடக் காசு காணவில்லை, சீற் போட்டார்கள். ஒரே வீடு, இரண்டு கூரை. சோதனைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சித்திரை மாதம் பின்னேரம் இரண்டு மணிக்குப் போனேன். கருவி ஒன்றும் கொண்டுபோகவில்லை. பெரியம்மாவிடம் ஊதுபத்தி இரண்டு வாங்கி, ஒன்றை ஓட்டுக் கூரையுள்ள விறாந்தையறையில் கொளுத்தி வைத்தேன். புகை நேரே எழும்பி, முகட்டுக்குப் போய், ஓட்டு இடுக்குகளால் ஒழுகிப் போய்விட்டது. மற்றதைப் பின்னறையில் வைத்தேன். புகை மேலே போனது, சீற்றில் முட்டியது, அப்படியே படர்ந்து ஒரு வெள்ளைத் துணிபோல அங்கேயே தொங்கியது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் அங்கேதான். வெக்கையும் அப்படித்தான் அங்கே தேங்கி நிற்கிறது. எங்கள் தோலின் சூடு முப்பத்துநாலு பாகையளவு. கூரையின் அடிப்பக்கம் அதைவிடச் சூடாக இருந்தால் அது அடுப்புக் கல் மாதிரி எங்கள் தலைமேல் வெக்கையை வீசிக்கொண்டிருக்கும். "ஃபானைப் போட்டா சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருக்குது தம்பி" என்று பெரியம்மா சொன்னதன் பௌதிகம் அவ்வளவுதான். மேலே தேங்கிய சூட்டை ஃபான் இழுத்துக் கீழே தள்ளுகிறது.

செய்தது இரண்டு வேலை. கூம்புச் சுவர் இரண்டிலும் உச்சிக்குக் கிட்ட ஒவ்வொரு துவாரம், கொசுவலை அடித்து. சீற்றின் வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, இரண்டு பூச்சு. சுண்ணாம்பு மாரியில் கழுவுப்பட்டுப் போகும், அதனால் பங்குனிக்குப் பங்குனி பூசவேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய சீற்றுகளில் கல்நார் இருக்கிறது. அதைச் சுரண்டாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், காய்ந்தபடி துளையிடாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் முப்பது நாற்பது வருடம் கழித்துப் புற்றாக வரலாம். தண்ணீர் தெளித்து, மெதுவாகக் கழுவி, பிறகு பூசவேண்டும். ஏறி நிற்கவும் கூடாது, பழைய சீற் ஆளோடு உடையும். ஏணியில் நின்று நீளத் தடியில் தூரிகை கட்டிப் பூசினோம். நீலக் கல்நாரை இலங்கை 1987-இலேயே தடை செய்தது. வெள்ளைக் கல்நாரையும் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைக் கொள்கலன் ஒன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. கல்நார் பெரும்பாலும் வருவதும் அங்கிருந்துதான். அதே மாதம் கொழும்பு தன் கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது. பெரியம்மாவின் பின்னறைக் கூரைக்குள் இவ்வளவு அரசியல் இருக்கிறது.

என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் வீட்டில் வெக்கைக்கென்று சீற்றின் கீழே தட்டிக் கூரை அடித்தேன். துவாரம் வைக்கவில்லை. பகல் முழுவதும் தட்டிக்கு மேலே அடைபட்ட சூடு இரவு பத்து மணிக்கு மெல்ல இறங்கியது. பகலில் சுகம், படுக்கிற நேரம் நரகம். போதாததற்கு எலிக்கும் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று.

திசையிலும் புத்தகம் எங்களை ஏமாற்றும். வெயில் தெற்கிலிருந்து வரும், தெற்கு யன்னலுக்கு நிழல் கொடு என்று எழுதியிருக்கும். அது தூரத்து வடக்கு நாடுகளுக்கு எழுதியது. எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பிலிருந்து ஆவணி வரை சூரியன் வடக்குப் பக்கம் நிற்கிறது. கோடையின் மோசமான மாதங்களில் வெயில் காய்கிறது வடக்குச் சுவர்தான். மேற்குச் சுவருக்கு வருடம் முழுவதும் பின்னேர வெயில். காற்றோ அந்த மாதங்களில் சோளகம், தென்மேற்கிலிருந்து. மாரியில் வாடை, வடகிழக்கிலிருந்து. ஆகவே வடக்குக்குத் தாழ்வாரம், மேற்குக்கு மரம், தென்மேற்கும் வடகிழக்கும் திறந்த யன்னல். வன்னியில் ஒரு அலுவலகம், எது என்று சொல்லமாட்டேன், மேற்குப் பார்த்தபடி நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே திரைச்சீலையை இழுத்து மூடி, மின்குமிழ் போட்டு, ஏசியைப் பதினெட்டில் வைத்திருக்கிறார்கள். வெளியே வரிசையில் நிற்கிற சனம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. வசதியாக நிற்பது வெளியே இருப்பவர்கள்தான்.

மேற்கில் மரம் என்றேன். உடனே சிக்கல் வரும். வேம்பின் சருகு பீலியை அடைக்கும். கூரையில் சூரியத் தகடு பூட்டியிருந்தால் மரநிழல் அதன் மின்சாரத்தைக் குறைக்கும். இரண்டில் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் மரம். தகட்டைக் கூரையின் மற்றப் பக்கத்துக்கு மாற்றலாம்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 ஓகஸ்டில் எழுபத்தைந்து வீதம், 2023 பெப்ரவரியில் அறுபத்தாறு வீதம் என்று கட்டணம் ஏறியபோது மின்பட்டியலே எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டது. எழுபத்தைந்து வாற்று பழைய ஃபான் ஒன்று நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் இருபத்திரண்டரை அலகு. புதுவகை முப்பது வாற்று ஃபானுக்கு ஒன்பது அலகு. அவ்வளவுதான் கணக்கு.

பெரியம்மா வீட்டுக்கு இரண்டாம் தரம் போனது கார்த்திகையில், அடைமழைக்குள். இதை யாரும் செய்வதில்லை. கொழும்பிலிருந்து வாகனத்தில் வருகிறவர் ஒரே நாளில் படிவத்தை நிரப்பிக்கொண்டு போவார். வன்னி வீட்டுக்கு வருடத்தில் இரண்டு எதிரி. ஒன்றைப் பார்த்தவன் மற்றதைப் பார்க்கவில்லை என்றால் சோதனை அரைச் சோதனை.

மழையில் நின்று பார்த்தேன். பீலி இல்லாத பக்கத்தில் தாழ்வாரத் தண்ணீர் நிலத்தைக் கீறி ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. தெறித்த சேறு சுவரில் இரண்டடி உயரத்துக்கு. அதற்கும் மேலே, ஒரு மங்கலான கோடு. "அது பதினெட்டாம் ஆண்டு மார்கழி வெள்ளம்" என்றார் பெரியம்மா. 2018 டிசம்பரில் ஊரை மூடிய வெள்ளம் நின்ற மட்டம். ஆனால் அறையின் பிளக் இரண்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தன! அவற்றை முதலில் மேலே ஏற்றினோம்.

பிறகு தண்ணீர்க் கணக்கு. ஐந்நூற்றைம்பது சதுர அடி என்றால் ஐம்பத்தொரு சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு மில்லிமீற்றர் பெய்தால், ஐந்திலொன்று தெறித்தும் ஆவியாகியும் போனாலும், நாற்பத்தொன்பதாயிரம் லீற்றர் அந்தச் சின்னக் கூரையால் வழிந்து போகிறது. அதே வீட்டில் பங்குனிக்குப் பிறகு கிணறு உவர்க்கத் தொடங்கும், குடிக்கத் தண்ணீர் போத்தலில் வாங்குவார்கள். ஓட்டுப் பக்கத்துக்கு மட்டும் பீலி பூட்டினோம். சீற்றுப் பக்கத் தண்ணீரைக் குடிக்கச் சேர்க்கவில்லை. தொண்ணூறுகளில் உலக வங்கிக் காசில் நாட்டின் பல இடங்களில் கட்டிய பூசணிக்காய் வடிவத் தொட்டியின் அளவு ஐயாயிரம் லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு இருபது லீற்றர் என்றால் அது இருநூற்றைம்பது நாளுக்குப் போதும். தை முதலாம் திகதி நிரம்பிய தொட்டி ஆவணி தாண்டி நிற்கும். சிறுநீரக நோய்க்குப் பயந்து கிணற்றுத் தண்ணீரைத் தொடாத வவுனியா, முல்லைத்தீவுக் குடும்பங்களுக்கு இதன் பெறுமதி நான் சொல்லத் தேவையில்லை. முதல் மழையை வெளியே விடவேண்டும், வாய்க்கு வலை கட்டவேண்டும், மூடி போடவேண்டும். மிச்ச நாற்பத்துநாலாயிரம் லீற்றரையும் கிணற்றடிக் குழிக்குத் திருப்பலாம்.

இதற்கிடையில் சிலர் கேட்பார்கள், மண்வீடும் கிடுகும் இருந்த காலத்தில் இந்தச் சோதனை தேவைப்பட்டதா என்று. கிடுகு குளிர்ச்சிதான். ஆனால் வருடா வருடம் வேய்ந்தவர்களைக் கேளுங்கள், கறையானோடு குடித்தனம் செய்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள், போகச் சொல்ல எனக்கும் உரிமையில்லை. அதேநேரம் சனத்துக்கு வெக்கை பற்றிய அறிவு இல்லை என்றும் யாரும் நினைக்கவேண்டாம். 2016 அளவில் அறுபத்தையாயிரம் இரும்புப் பொருத்து வீடு தருகிறோம் என்று வந்தபோது, இந்த வெயிலில் இரும்பு வீடா என்று முதலில் கேட்டது எங்கள் ஆட்கள்தான். அந்தத் திட்டம் அப்படியே படுத்துவிட்டது. எந்தப் புள்ளிப் பட்டியலும் இல்லாமல் நடந்த கட்டடச் சோதனை அது.

எல்லாம் முடிந்து, ஈரத் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டேன். பெரியம்மா பின்பக்கமிருந்து கூப்பிட்டார். தகரக் கொட்டில், மூன்று பக்கமும் அடைப்பு, உள்ளே விறகடுப்பு, புகையில் கறுத்த வளை. நாளுக்கு நாலு மணித்தியாலம் அவர் இருக்கிற இடம் அதுதான்.

"தம்பி, முகட்டையும் பீலியையும் எல்லாம் அளந்தாய். அடுப்படிக்குள்ள ஒருக்காலும் வரேல்லையே" என்றார்.

வருகிற சித்திரையில் அங்கே ஊதுபத்தி கொளுத்தத் தேவையில்லை.