புகை அடங்க நெருப்பு மூட்டுதல்



நெருப்பில்லாமற் புகையாது என்பது பழமொழி. ஊர்வம்பைப் பொறுத்தவரையில் அது மெய்யாயிருக்கலாம். அடுப்படியைப் பொறுத்தவரையிலோ அதனைச் சற்றே திருப்பிச் சொல்லுதல் வேண்டும். நெருப்புப் போதாத இடத்திலேதான் புகை மிகுகின்றது. விறகையும் மரத்தூளையும், மரத்தூளை அமுக்கிச் செய்த குளிசைகளையும் ஒரே ஒரு நெருப்புக்குச்சி கொண்டு கையினால் மூட்டுவது எங்ஙனம் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அறிஞர் பேசும் வானொலியிலே அடுப்பு மூட்டுவதும் ஒரு பேச்சா என்று சிலர் நகைக்கலாம். வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களில், வைகறை நான்கு மணிக்கு எழுந்து, ஈர விறகோடு மல்லாடி, ஊதாங்குழலை ஊதி ஊதிக் கண் சிவந்து, அதன் பின்னர்ப் பிரட்டுக்கு ஓடும் தாய்மார் நகைக்கமாட்டார்கள். அவர்தம் பிள்ளைகளும் அதே புகையைச் சுவாசித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகின்றனர். துவைத்த சீருடையிலும் புகையின் மணம் போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பேச்சுக்கு இத்துணைத் தேவை இருந்திராது. பட்டணத்து வீடுகளிலும், தோட்டத்தில் ஓரளவு வசதி பெற்ற வீடுகளிலும் எரிவாயு அடுப்பு வந்துவிட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்கு முன்னர் 1,493 ரூபாய்க்கு விற்ற பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு, அம்மாதத்தில் 2,675 ரூபாயாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயை எட்டிற்று. பணம் இருந்தவருக்கும் பொருள் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாயிற்று. கொழும்பில் அடுக்குமாடி வீடுகளிற் குடியிருந்தோரும் விறகு தேடி அலைந்த காலம் அது. விறகடுப்பை என்றோ மறந்துவிட்ட ஒரு தலைமுறை திடீரென்று அதன் முன் குந்த நேர்ந்தபோது, நெருப்பு மூட்டுவதும் கற்றுக்கொள்ள வேண்டியதொரு வித்தை என்பது புலனாயிற்று.

விறகு எரிகின்றது என்று நாம் சொல்லுகின்றோம். உண்மையில் நாம் காணும் சுவாலை விறகினது அன்று; விறகு சூடேறும்போது அதிலிருந்து எழும் ஆவியினது. முதலில் விறகிலுள்ள நீர் வெளியேறும். சூடு மேலும் ஏறி இருநூறு, முந்நூறு பாகையை அணுகும்போது மரம் உருக்குலைந்து, எரியக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவிக்குப் போதிய சூடும் போதிய காற்றும் கிடைத்தாற் சுவாலை. இரண்டில் ஒன்று குறைந்தாற் புகை. ஆகவே புகை என்பது எரியாமற் போன விறகேயாகும். கண்ணைக் கரிக்கும் புகையோடு நாம் சுமந்து வந்த விறகிலும் ஒரு பங்கு கூரை வழியே போய்விடுகின்றது.

ஈரத்தின் கொடுமை இதனினும் பெரிது. வெட்டிய பச்சை மரத்தின் நிறையிற் பாதிவரை நீராக இருத்தல் கூடும். ஒரு கிலோ தண்ணீரை இருபது பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ எண்பது கலோரி அலகு வெப்பம் தேவையென்றால், கொதித்த அதே நீரை முழுவதும் ஆவியாக்கிவிட ஐந்நூற்று நாற்பது அலகு வேண்டும். அதாவது, ஈர விறகில் ஒளிந்திருக்கும் ஒரு போத்தல் நீரைப் போக்கச் செலவாகும் சூட்டைக் கொண்டு ஆறேழு போத்தல் தண்ணீர் கொதிக்கவைத்துவிடலாம். ஊதாங்குழலால் எவ்வளவு ஊதினாலும் இக்கணக்கு மாறாது.

ஊவாவிலே ஆனி தொடங்கிப் புரட்டாதி வரையிலும் வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்று விறகுக்கும் உகந்தது. ஐப்பசி பிறந்தால் மழையும் மூடுபனியும் தை வரையில் விடா. ஆதலின் நல்ல அடுப்பு ஆடியிலேயே மூட்டப்படுகின்றது எனலாம். கவ்வாத்து வெட்டிய மலைகளிலிருந்து சுமந்து வரும் மிலாற்றை முற்றத்து மண்ணிலே குவித்து வைக்கும் பழக்கம் நல்லதன்று. மண்ணின் ஈரம் அடியிலிருந்து ஏறும். கீழே இரண்டு கட்டைகளைப் போட்டு, காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே ஒரு தகரத்தை மூடி, பக்கங்களைத் திறந்தே விடுதல் வேண்டும். நாளைக்கு வேண்டிய விறகை இன்று அடுப்பின் மேலுள்ள பரணில் ஏற்றிவிடுவது நம் பாட்டிமார் அறிந்த வழி. ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றிலே, தீக்கடைகோலை வீட்டின் இறப்பிற் செருகி வைத்திருக்கும் செய்தி வருகின்றது. ஞெலிகோல் என்பது அதன் பெயர். நெருப்பை எடுக்கும் கோல் நனையாதிருக்கவேண்டும் என்பதைச் சங்ககாலத்து இல்லத்தாரும் அறிந்திருந்தனர் போலும்!

இனி மூட்டும் முறைக்கு வருவோம். இதிலே பலர் அறியாத ஒரு வேறுபாடு உண்டு. விறகைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொடுக்கும் அடுப்பு ஒருவகை. எரிபொருள் முழுவதையும் ஒரே தடவையில் நிரப்பிவிடும் அடுப்பு மற்றொரு வகை. முன்னதைக் கீழிருந்து மூட்டவேண்டும். பின்னதை மேலிருந்து மூட்டவேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதனாலேயே பாதிப் புகை உண்டாகின்றது.

மூன்று கல் அடுப்பும், 1980களிலே நம் நாட்டில் உருவாகிப் பரவிய ‘அனகி’ என்னும் இரட்டை வாய் மண் அடுப்பும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றிலே இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு வைத்து, அவ்விடைவெளியில் ஒரு பிடி உலர்ந்த சிராயை நிறுத்தி, அதன்மேல் விரல் பருமனான மிலாற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடியிலே குச்சியைக் காட்டவேண்டும். பைன் மரத்தின் பிசின் ஊறிய சிராய் மூட்டுவதற்கு மிகச் சிறந்தது. கரி பிடிக்குமாகையாற் சமைப்பதற்கு ஆகாது. டர்பன்டைன் மரத்தின் உரிந்த பட்டையும் காய்ந்த சருகும் எளிதிற் பற்றும். சுவாலை நன்கு எழுமுன் பெரிய கட்டையைத் தள்ளுதல் கூடாது. பானையை உடனே ஏற்றுவதும் கூடாது. குளிர்ந்த பானை சுவாலையின் சூட்டை உறிஞ்சிவிட, எரியவேண்டிய ஆவி புகையாகி முகத்தில் அடிக்கும்.

இரண்டாம் வகைக்குப் போகுமுன், இரண்டிலும் சேராத மரத்தூள் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தகரம் ஒன்றின் அடிப்பக்கத்திலே ஒரு துளை இட்டு, அத்துளை வழியே ஒரு தடியைப் படுக்கையாகச் செருகி, அதன் நுனியைத் தொடும்படி நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் உலர்ந்த மரத்தூளைப் போட்டு இறுக இடிக்கவேண்டும். பின்னர்ப் போத்தலையும் தடியையும் மெல்லத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு புகைவழி அமைந்திருக்கும். பக்கத் துளையில் எரியும் குச்சியொன்றை நுழைத்தால், சுவாலை அவ்வழியே ஏறி, தூளின் உட்சுவரைப் பற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஊதுவாரின்றி எரியும். இடித்தது போதாவிட்டால் நடுவே சரிந்து அணைந்துபோகும். மரம் அறுக்கும் ஆலைகளில் மலையாகக் குவிந்து மழையில் மக்கும் தூளைக் காணுந்தோறும் எனக்கு இவ்வடுப்பின் நினைவு வருவதுண்டு.

அத்தூளையே இயந்திரத்தில் இட்டுப் பெரும் அழுத்தத்தில் அமுக்கினாற் கிடைப்பது மரக்குளிசை. ஆறு அல்லது எட்டு மில்லிமீற்றர் பருமன். ஈரம் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேலைநாடுகளிற் பரவிய எரிபொருள் இது. தண்ணீர் பட்டால் ஊதி மீண்டும் தூளாகிவிடும். ஆதலின் மூடியுள்ள கலத்திலேயே வைக்கவேண்டும். மேலைநாட்டு அடுப்புகள் பலவற்றில் மின்சாரமே குளிசையை மூட்டிவிடுகின்றது. கையால் மூட்டப் புகுவோர் செய்யும் முதற் காரியம், குவியலின் அடியிலே நெருப்பை வைப்பது. குளிசைகள் நெருங்கிக் கிடப்பதனாற் காற்று குறைவு. அடியில் எழும் ஆவி மேலேயுள்ள குளிர்ந்த குளிசைகளினூடே வந்து, எரியாமலே வெளியேறி அறையை நிரப்பும்.

அமெரிக்கராகிய தோமஸ் ரீட் என்பவரும் நோர்வே நாட்டவராகிய போல் வெண்டல்போ என்பவரும் 1980களில், ஒருவரையொருவர் அறியாமலே, இதற்கு மாற்று வழியைக் கண்டனர். உயரமான தகரக் கலத்தின் அடியிலே காற்றுத் துளைகளும், வாய்க்கருகே மற்றொரு வரிசைத் துளைகளும் இருக்கும். மேல்வரிசைக்குக் கீழே நிற்கும்படி குளிசைகளை நிரப்பி, அவற்றின் மேல் ஒரு பிடி சிராயைப் பரப்பி, மேலேயே மூட்டவேண்டும். சிராய் எரிந்து மேற்பரப்புக் குளிசைகள் யாவும் செந்நிறம் கொள்ளச் சில நிமிடம் செல்லும்; அதுவரை பொறுத்திருந்து பின்னரே பாத்திரத்தை ஏற்றலாம். நெருப்பு மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இறங்கும். ஆவி மேல்நோக்கி வரும். வரும் வழியிலே தணலைக் கடந்து, மேற்றுளைக் காற்றைச் சந்தித்து, அங்கே சுவாலையாகும். இடையிலே குளிசையை மேலே கொட்டினால் எல்லாம் கெட்டு மீண்டும் புகை எழும். சமையலுக்கு எவ்வளவு வேண்டுமென்று முன்னரே கணித்து நிரப்புதல் வேண்டும்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து, ‘ஊர்ஜா’ என்னும் இத்தகைய அடுப்பை 2006ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் மகாராட்டிரத்திலும் விற்கத் தொடங்கின. சிறு விசிறி பொருத்திய அடுப்பு. கரும்புச் சக்கையும் கடலைத் தோலும் அமுக்கிய குளிசை. பல இலட்சம் வீடுகள் வாங்கின. பின்னர்க் குளிசையின் விலை ஏறிற்று. அடுப்பு நன்றாயிருந்தும் வீடுகள் அதனைக் கைவிட்டன. கடையில் வாங்கவேண்டிய எரிபொருளை நம்பியதன் விளைவு அது. ஆகையால் நம் தோட்டத்து மக்கள் குளிசை வாங்கவேண்டும் என்று யான் சொல்லப்போவதில்லை. நன்கு உலர்ந்த மிலாற்றைப் பெருவிரல் நீளத்துக்குத் துண்டாக்கி அதே கலத்தில் நிரப்பினால், அதே முறையில் மேலிருந்து எரியும். கத்தியும் பொறுமையுமே செலவு.

இம்முறைகளெல்லாம் அறியாதவிடத்து இரண்டு தீய பழக்கங்கள் புகுந்துவிடுகின்றன. ஒன்று, பொலித்தீன் பையையோ பழைய ரயர்த் துண்டையோ கொளுத்தி அடுப்பு மூட்டுவது. அதன் புகை விறகுப் புகையினும் நச்சு மிக்கது. சோற்றுப் பானையின் மேலேயும் குழந்தையின் மூச்சிலேயும் படிவது. மற்றொன்று மண்ணெண்ணெய். அணைந்ததுபோல் தோன்றும் தணலின்மேல் அதனை ஊற்றினால், சூட்டிலே ஆவியாகித் திடீரென்று பற்றி, சுவாலை கைக்கும் சேலைக்கும் தாவும். லயத்திலே ஒரு காம்பராவின் கூரை அடுத்த காம்பராவின் கூரையோடு ஒட்டியது; ஒரு வீட்டுத் தீ ஒரு வரிசைத் தீயாவதற்கு வெகு நேரம் செல்லாது. உள்வீட்டுப் புகையினால் மாத்திரம் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அடுப்புக்கு மேலே கூரையிற் புகைபோக்கி ஒன்று அமைத்துத் தருமாறு தோட்ட நிருவாகத்தைக் கேட்பது பெற்றோரின் உரிமை. அதனைக் கேட்பதில் வெட்கப்படவேண்டியதில்லை.

மேலிருந்து மூட்டிய கலத்திலே சுவாலை அடங்கியதும் அடியிற் கரி எஞ்சும். அக்கரி சுவாலையின்றிக் கனலும்போது, கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத நச்சு வாயு வெளிப்படும். குளிருக்கு இதமாயிருக்கும் என்று கலத்தை மூடிய அறைக்குள் கொண்டுபோய் வைத்து உறங்குவது உயிருக்கு ஆபத்து. இஸ்தோப்புக்கு வெளியே கொண்டுசென்று, ஒரு பழைய மண்பானையில் கொட்டி, காற்றுப் புகாதபடி இறுக மூடிவிட்டால் கரி தானே அணைந்துவிடும். தண்ணீர் தெளிக்கவேண்டியதில்லை, தெளித்தால் மறுநாள் பற்றாது. அவ்வாறு சேரும் கரி, பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரிக்கை போடுவதற்கு ஏற்றது.