பாராமோட்டர் பயில்வோருக்கு ஏற்ற கருவிகள்

முதுகிலே ஒரு சிறு பெற்றோல் எஞ்சின். அதன் பின்னே ஒரு சுழல்விசிறி. தலைக்கு மேலே பரந்து விரியும் துணிச்சிறகு. இவ்வளவுதான் பாராமோட்டர் என்னும் பறக்கும் பொறி. பயிற்சி பெற்ற ஒருவர் புல்வெளியிலே சிறிது தூரம் ஓடினால், சிறகு காற்றை ஏற்று அவரை மேலே தூக்கிவிடும். விமானிக்கு முன்னால் கருவிப் பலகை ஒன்று இருக்கும். பாராமோட்டரில் எழுந்தவருக்கு முன்னால் இருப்பதோ வெறும் வானம். எக்கருவியை வாங்குவது, எதனை விடுவது, வாங்கியதை உடம்பில் எங்கே கட்டுவது என்பவற்றையெல்லாம் அவரே தீர்மானித்தல் வேண்டும்.

பிரித்தானியாவிலே, ஓடி எழும் பாராமோட்டரைச் செலுத்துவதற்கு அரசாங்க உரிமப்பத்திரம் வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆயினும் வான்வெளிக்குரிய விதிகள் பெரிய விமானத்தைக் கட்டுவது போலவே இவரையும் கட்டும். இலண்டனைச் சூழ்ந்த பகுதியிலே பல இடங்களில், 2,500 அடிக்கு மேலுள்ள வான்வெளி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூரையை அறிவதற்குக் கருவி இன்றியமையாதது. அதனைத் தேர்ந்தெடுப்பதிலே நேரும் பிழை, அவருடைய உயிரோடு பிறர் உயிரையும் பாதிக்கக் கூடும்.

கடைக்குச் செல்லுமுன் பயில்வோர் தம்மிடமே மூன்று வினாக்களை வினாவுதல் நன்று. எவ்வளவு உயரத்தில் இருக்கின்றேன்? எவ்விடத்தில் இருக்கின்றேன்? எழுந்த இடத்துக்குத் திரும்ப எரிபொருள் போதுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தருபவையே தொடக்கத்தில் வேண்டிய கருவிகள். ஏனையவற்றை அனுபவம் வந்தபின் வாங்கலாம்.

முதலில் உயரமானியை எடுத்துக்கொள்வோம். 1648ஆம் ஆண்டிலே, பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் வேண்டிக்கொண்டபடி, அவருடைய மைத்துனர் பெரியே என்பவர் பாரமானிக் குழாயுடன் பூய் தெ தோம் என்னும் மலைமீது ஏறினார். உச்சியை அடைந்தபோது குழாயிலிருந்த இரசம் ஏறக்குறைய 3 அங்குலம் இறங்கியிருந்தது. மேலே செல்லச் செல்ல வளியமுக்கம் குறைகின்றது என்பது இவ்வாறு புலனாயிற்று. இன்று மணிக்கட்டிலே கட்டும் உயரமானியும் இதே தத்துவத்தைக் கொண்டே இயங்குகின்றது. கடல்மட்டத்தை அண்டிய வளியில், ஏறத்தாழ 27 அடி உயர்வுக்கு ஒரு மில்லிபார் அமுக்கம் குறையும். கருவி அமுக்கத்தை அளந்து அதனை உயரமாக மாற்றிக் காட்டுகின்றது.

இங்கேதான் பயில்வோர் ஏமாறுவதற்கு இடமுண்டு. வளியமுக்கம் உயரத்தால் மட்டுமன்றி வானிலையாலும் மாறும். 1020 மில்லிபார் அமுக்கத்துக்குச் சரிசெய்யப்பட்ட உயரமானியை, அமுக்கம் 1000 ஆகக் குறைந்துவிட்ட வேறொரு நாளில் அப்படியே கொண்டு செல்பவரைக் கருதுக. கருவி 900 அடி என்று காட்டும்போது, அவர் உண்மையில் 360 அடி உயரத்திலேயே இருப்பார். அதுவும் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். கீழே 300 அடிக் குன்று ஒன்று இருக்குமாயின், அவருடைய காலுக்கும் நிலத்துக்கும் இடையே எஞ்சியிருப்பது 60 அடி. மரங்களும் மின்கம்பிகளும் அந்த 60 அடிக்குள்ளேதான் இருக்கின்றன. இதற்கு மாறாக அமுக்கம் உயர்ந்திருந்தால் கருவி குறைத்துக் காட்டும். 2,300 அடியில் இருப்பதாக எண்ணுபவர், தம்மை அறியாமலே 2,500 அடி எல்லையைக் கடந்து விமானங்களின் பாதையில் புகுந்துவிடுவார்.

ஆகவே, அமுக்க அளவைக் கையால் மாற்றி அமைக்க இடந்தரும் உயரமானியே ஏற்றது. எண்கள் பெரியனவாயும் வெயிலில் தெளிவாகத் தெரிவனவாயும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுமுன், அந்நிலத்தின் உயரத்துக்கோ, அன்று அறிவிக்கப்பட்ட கடல்மட்ட அமுக்கத்துக்கோ அதனைச் சரிசெய்தல் வேண்டும். இதற்கு அரை நிமிடமும் ஆகாது.

செயற்கைக்கோள் கொண்டு இடமறியும் கைத்தொலைபேசி உயரத்தையும் காட்டுகின்றதே, வேறு உயரமானி எதற்கு என்று சிலர் வினவலாம். செயற்கைக்கோள்கள் யாவும் தலைக்கு மேலேயே இருக்கின்றன. காலுக்குக் கீழிருந்து சமிக்ஞை அனுப்பும் கோள் எதுவும் இல்லை. அதனால் இடத்தைக் காட்டுவதிலும் உயரத்தைக் காட்டுவதிலேயே பிழை மிகுதியாகும். மேலும், அக்கருவி முதலில் கணிப்பது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரத்தையன்று. பூமிக்கு உருவமாகக் கணிதத்தில் வகுக்கப்பட்ட நீள்கோளத்திலிருந்து அளந்த உயரத்தையே. புவியீர்ப்பின் வேறுபாட்டால் கடற்பரப்பு அக்கோளத்தோடு எங்கும் பொருந்துவதில்லை. உலகிலேயே இவ்வேறுபாடு கீழ்நோக்கி மிகுந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரப் பகுதியாகும். அங்கே கடல்மட்டம் நீள்கோளத்துக்குக் கீழே 100 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்துள்ளது. பல கருவிகள் இதனைத் திருத்திக் காட்டும். திருத்தாத கருவியோ, அக்கடலில் மிதக்கும் கப்பலின் மேற்றளத்தில் நிற்பவரையும் கடலுக்கு அடியில் இருப்பவராகவே காட்டும். வான்வெளி எல்லைக்கு அமுக்க உயரமானியே துணை என்பது இதனால் விளங்கும்.

எவ்விடத்தில் இருக்கின்றேன் என்ற இரண்டாவது வினாவுக்குச் செயற்கைக்கோள் கருவி மிகச் சிறந்த விடையைத் தருகின்றது. அதற்கெனச் செய்யப்பட்ட கருவியையும் வாங்கலாம், கைத்தொலைபேசியையும் பயன்படுத்தலாம். தொலைபேசியாயின், தேசப்படத்தை முன்கூட்டியே அதனுள் சேமித்துக்கொள்ளல் வேண்டும். வானிலே இணையத் தொடர்பை நம்புதல் கூடாது. குளிரில் மின்கலம் விரைவில் சோரும். கையுறை அணிந்த விரலுக்குத் திரை பணியாமலும் போகும். ஆகவே மடித்த தாள்வரைபடம் ஒன்றும், சிறு திசையறி கருவி ஒன்றும் உடனிருத்தல் நலம். காந்த ஊசியை எஞ்சினுக்கும் தொலைபேசிக்கும் அருகில் வைத்தால் திசை பிறழும் என்பதையும் மறத்தலாகாது.

கருவி எதுவாயினும் உறுதியாகக் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். முதுகுக்குப் பின்னால் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழலும் விசிறி இருக்கின்றது. கை நழுவிய தொலைபேசி அதில் அகப்பட்டால், விசிறி சிதறி எஞ்சின் பயனற்றுப் போகும். கட்டும் கயிறும் விசிறியை எட்டாத நீளமுடையதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது வினாவே பலராலும் கவனிக்கப்படாதது. காற்றில்லாத வேளையில் மணிக்கு 40 கிலோமீற்றர் செல்லும் சிறகு, 25 கிலோமீற்றர் வேகமுள்ள காற்றோடு சேர்ந்தால் நிலத்தின்மேல் 65 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். எதிர்த்து வந்தால் 15 கிலோமீற்றர் வேகந்தான். 30 கிலோமீற்றர் தூரத்தை 28 நிமிடத்தில் மகிழ்ச்சியோடு கடந்தவர், அதே தூரம் திரும்பி வர இரண்டு மணி நேரம் செல்லும். தாங்கியிலே 10 லீற்றர் பெற்றோல் இருந்து, மணிக்கு 4 லீற்றர் செலவாகுமாயின், அவர் எழுந்த இடத்தை அடையும்போது தாங்கி வற்றியிருக்கும். காற்றுச் சற்று வலுத்தாலும் வழியிலேயே இறங்க நேரிடும். நிலத்தின்மேல் செல்லும் வேகத்தைச் செயற்கைக்கோள் கருவி காட்டுகின்றது. முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, பின்னர் காற்றோடு திரும்புதல் விவேகம். முதுகின் பின்னுள்ள தாங்கியைப் பார்ப்பதற்கு, கையில் கட்டிய சிறு கண்ணாடியும் சாதாரணக் கைக்கடிகாரமும் போதும். விலை குறைந்த இவ்விரண்டும் விலை உயர்ந்த கருவிகள் பலவற்றினும் பயன் மிக்கவை.

ஏறும் வேகத்தை ஒலியால் அறிவிக்கும் கருவியும் உண்டு. எஞ்சின் இன்றி, மேலெழும் வெங்காற்றைத் தேடிப் பறப்பவருக்கு அது கண் போன்றது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பறக்கும் புதியவருக்கு அது அவசரத் தேவையன்று. கருவிகள் பெருகப் பெருகப் பார்வை திரையிலே தங்கும். தங்கிய பார்வை மின்கம்பியையும் பிற பறப்பாளரையும் காணாது. எழும்போதும் இறங்கும்போதும் கருவியைப் பாராதிருத்தல் நல்ல பயிற்சியாகும்.

முதற் பறப்புகளின்போது புதியவர், கண்ணால் உயரத்தை மதித்த பின்னரே உயரமானியைப் பார்ப்பாராக. இரண்டும் ஒத்திருந்தால் நம்பிக்கை வளரும். ஒவ்வாதிருந்தால் தவறியது கண்ணா, கருவியா என்று ஆராய்வார். அவ்வாறு பழகியவருக்கு, மின்கலம் தீர்ந்து திரை இருண்டுபோன நாளிலும் இறங்குவதற்கு நிலம் தெரியும்.